தெரிந்தவர்களின் அச்சம்



கத்தியோடு அலையும் முகமூடி மனிதனைப் பற்றிப் பேச ஓர் அறக்கட்டளை மேடை வேண்டுமா என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். வேண்டும் என்றே நம்புகிறேன். சுமார் அரை நூற்றாண்டாக இளைஞர்கள் காசு கொடுத்து, நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பயந்த ஒரு படவகை இது. "எல்லாம் ஒரே ஃபார்முலா" என்று ஒற்றை வரியில் அதை ஒதுக்கிவிட்டு, சினிமாவை ஆராய்கிறோம் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரே ஃபார்முலா என்பது உண்மைதான். தெரிந்த கதை எப்படிப் பயமுறுத்துகிறது என்பதுதான் என் கேள்வி.

ஸ்லாஷர் என்று அமெரிக்காவில் பெயர் பெற்ற இவ்வகைப் படத்தின் கதையை, ஒன்றிரண்டு பார்த்தவரே முழுதாகச் சொல்லிவிடுவார். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் ஒரு கொடுமை நடந்திருக்கும். அதே நாளில், அதே இடத்துக்குக் கொலைகாரன் திரும்பி வருவான். முகம் தெரியாது. பேச மாட்டான். ஓடவும் மாட்டான், நடந்தே வருவான், ஆனாலும் ஓடுகிறவர்களைப் பிடித்துவிடுவான். கையில் துப்பாக்கி இருக்காது. கத்தி, கோடரி, அரிவாள் என்று ஏதாவது ஒன்று இருக்கும். இளைஞர்கள் ஒவ்வொருவராகச் சாவார்கள். பெரியவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் நம்ப மாட்டார்கள். போன் செத்துக் கிடக்கும், கார் கிளம்பாது. கடைசியில் ஒரு பெண் மிஞ்சுவாள். அவள் அவனை வீழ்த்துவாள். வீழ்ந்தவன் எழுவான்.

இவ்வளவும் டிக்கெட் வாங்கும்போதே தெரியும். பிறகு எதற்குப் போகிறார்கள்?

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் நடத்திய நீண்ட உரையாடலில் ஒரு மேசையை உதாரணம் காட்டினார். இருவர் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. அதே மேசைக்கு அடியில் குண்டு இருப்பதை முதலிலேயே காட்டிவிட்டால், அந்தச் சாதாரணப் பேச்சு முழுக்க, 15 நிமிடம், பார்ப்பவர் துடித்துக்கொண்டிருப்பார். ஸ்லாஷர் படத்தின் ஃபார்முலா அந்தக் குண்டைப் போன்றது. படம் தொடங்கும் முன்பே அது மேசைக்கு அடியில் இருக்கிறது. முந்தைய படங்கள் வைத்துவிட்டுப் போனது. இயக்குநர் அதை மறுபடி காட்ட வேண்டியதில்லை. ஒரு பெண் நிலவறைப் படியில் கால் வைத்தால் போதும்.

தெரியாததைக் கண்டு வரும் பயம் பேய்ப் படத்துக்கு உரியது. ஸ்லாஷர் படத்தின் பயம் தெரிந்தவருக்கு வரும் பயம். நமக்குத் தெரிகிறது, திரையில் இருப்பவருக்குத் தெரியவில்லை, நம்மால் அவரிடம் சொல்ல முடியவில்லை. அரங்கில் இந்தப் படங்கள் ஓடும்போது கிளம்பும் கூச்சல் எந்த நாட்டிலும் ஒன்றுதான்: "பின்னாடி பாரு!" இந்தக் கூச்சலை ரசனையற்றவர்களின் இரைச்சல் என்று நான் நினைக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்ததைப் பயன்படுத்தி ஒருவரைக் காப்பாற்ற முயல்கிறவர்களின் குரல் அது. ஃபார்முலா இல்லாவிட்டால் அந்தக் குரலே எழாது.

இதை ஒரு படத்தை வைத்து நிதானமாகப் பார்ப்போம். ஜான் கார்ப்பென்டர் இயக்கி, டெப்ரா ஹில்லோடு சேர்ந்து எழுதிய 'ஹாலோவீன்' 1978 அக்டோபரில் வெளிவந்தது. செலவு சுமார் 3 லட்சம் டாலர். அமெரிக்காவில் மட்டும் 4 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கதை இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், இலையுதிர்காலத்தில் நடக்கிறது. எடுத்ததோ கலிஃபோர்னியாவின் இளவேனிலில். காய்ந்த இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கிச் சாக்கில் கட்டி, அடுத்த காட்சிக்கு மறுபடி தூவினார்கள். கொலைகாரன் மைக்கேல் மையர்ஸின் முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க், அதாவது நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகத்தை வார்த்த ரப்பர் பொம்மை முகம். 2 டாலருக்கும் குறைவான விலைக்கு வாங்கி, கண் ஓட்டைகளைப் பெரிதாக்கி, வெள்ளைச் சாயம் அடித்தார்கள். எந்த உணர்ச்சியும் இல்லாத அந்த வெள்ளை முகத்தில் பார்ப்பவர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

படத்தின் கணிசமான பகுதி பகலில் நடக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். நாயகி லோரி பள்ளியிலிருந்து தோழிகளோடு நடந்து வருகிறாள். வேலிச்செடி ஓரத்தில் அவன் நிற்கிறான்; தோழி போய்ப் பார்த்தால் இல்லை. லோரி ஜன்னல் வழியே கீழே பார்க்கிறாள், துணி உலர்த்தும் கொடிகளுக்கு நடுவில் நிற்கிறான், மறுகணம் இல்லை. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அகலத்திரையில் அந்தத் தெருக்களைப் படமாக்கியிருக்கிறார். திரையின் ஓரங்கள் காலியாகக் கிடக்கின்றன. அந்தக் காலியிடத்தை நம் கண் விடாமல் துழாவுகிறது. ஒரு மரம், ஒரு கதவிடுக்கு, நிறுத்திய கார் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவையாகின்றன. கதையைப் புரிந்துகொள்ளும் வேலை நமக்கு இல்லாததால், பார்க்கும் வேலை முழுக்க நம்முடையதாகிறது. ஃபார்முலா மனத்தின் சுமையைக் குறைத்துக் கண்ணின் சுமையைக் கூட்டுகிறது. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தவர்கள் தங்கள் தெருவையே வேறு விதமாகப் பார்த்திருப்பார்கள்.

கடைசிப் பகுதியில் ஒரு காட்சி. லோரி அவனைக் கத்தியால் குத்திவிட்டாள். செத்தான் என்று நினைத்துக் கதவு நிலையில் சாய்ந்து மூச்சு வாங்குகிறாள். அவள் முகம் நமக்கு அருகில், தெளிவாக. பின்னால், மங்கலாக, தரையில் கிடந்த உருவம் இடுப்புக்கு மேல் நேராக நிமிர்கிறது. தலை அவள் பக்கம் திரும்புகிறது. கேமரா நகரவில்லை. அதை அவள் பார்க்கவில்லை. இதற்குமேல் எளிமையாக ஒரு திகில் காட்சியை அமைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே சட்டகத்துக்குள் தெரிந்தவரும் தெரியாதவரும் இருக்கிறார்கள், தெரிந்தவர் நாம்.

இசையைப் பற்றி ஒரு செய்தி. கார்ப்பென்டரின் தந்தை இசைப் பேராசிரியர். மகனுக்குச் சிறு வயதில் பாங்கோ மேளத்தில் ஐந்து எண்ணிக்கைத் தாளத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். 'ஹாலோவீன்' இசையின் பதற்றமான பியானோ அந்தத் தாளத்தில் பிறந்தது. இசை சேர்க்காத படத்தை ஒரு பெரிய ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவர் துளியும் பயப்படவில்லை என்று கார்ப்பென்டரே எழுதியிருக்கிறார். இசை சேர்த்த பிறகு அதே படம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அந்த இசை திரும்பத் திரும்ப வரும் ஒரே துணுக்கு. அவன் அருகில் வந்துவிட்டான் என்று நமக்கு மட்டும் சொல்லும் அறிவிப்பு. லோரிக்கு அது கேட்காது.

நம் மரபிலிருந்து ஒன்றை இங்கே கொண்டுவருவது பொருந்தும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்று நான்கைச் சொல்கிறது. மைக்கேல் மையர்ஸை இந்த நான்கோடு பொருத்திப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவன் கள்வன்: கடையை உடைத்து முகமூடியும் கயிறும் கத்திகளும் திருடுகிறான், அக்காளின் கல்லறைக் கல்லையே பெயர்த்துக்கொண்டு போகிறான். அவன் விலங்கு: பாழடைந்த வீட்டில் செத்த நாயைக் கண்ட அவனுடைய மருத்துவர் டாக்டர் லூமிஸ், அவனுக்குப் பசித்திருக்கிறது என்கிறார். அவன் அணங்கு: ஆறு குண்டு பாய்ந்து மாடியிலிருந்து விழுந்தவன், அடுத்த முறை எட்டிப் பார்க்கும்போது புல்தரையில் இல்லை. பெயர்ப் பட்டியலிலும் முகமூடி அணிந்தவனை 'உருவம்' என்றே குறித்தார்கள். மூன்று அச்சங்களை ஒரே உடலில் வைத்ததுதான் இந்த வாய்பாட்டின் வலிமை என்று தோன்றுகிறது. நான்காவதான தம் இறை, நம்மை ஆளும் உரிமை உள்ளவரிடம் வரும் அச்சம், 'ஹாலோவீன்' படத்தில் இல்லை. அது பின்னால் வந்தது.

1980 மே மாதம் வெளிவந்த 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' அந்த இடத்தை நிரப்பியது. ஏரிக்கரைக் கோடை முகாம் ஒன்றில் பொறுப்பாளர்களாக வந்த இளைஞர்கள் கொல்லப்படுகிறார்கள். கொல்வது யார் என்று கடைசியில்தான் தெரிகிறது: 1957-இல் அதே ஏரியில் மூழ்கிய ஜேசன் என்ற சிறுவனின் தாய். பிள்ளையைக் கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை என்பது அவள் வழக்கு. தண்டிக்கும் தாய் நான்காவது அச்சத்தின் வடிவம்தான். படமாக 'ஹாலோவீன்' அருகில் வைக்க முடியாதது என்றாலும், இந்தக் கரு வலுவானது. பலரும் ஜேசனையே முதல் படத்தின் கொலைகாரனாக நினைக்கிறார்கள். அவன் கத்தி எடுத்தது இரண்டாம் படத்தில், அவனுக்கு அடையாளமான ஹாக்கி முகமூடி வந்தது 1982-இல், மூன்றாம் படத்தில். மொத்தம் 12 படங்கள் வந்துவிட்டன. சிறு முதலீடு, பெயர் தெரியாத நடிகர்கள், ஒரு காடு, நிறையச் செயற்கை ரத்தம் என்ற கணக்கு தயாரிப்பாளர்களுக்கு எளிதில் விளங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் காதலர் தினம், பட்டமளிப்பு நாள், பிறந்தநாள் என்று காலண்டரில் இருந்த நாளெல்லாம் கொலை நாளாயிற்று.

பெரும்பாலானவை மோசமான படங்கள். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஃபார்முலா இருந்ததால் அவை மோசமாகவில்லை. தெரிந்தவர்களாக நம்மை யார் பக்கம் நிறுத்துவது என்பதில் அவை தவறின. சாகப்போகிறவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கொடுக்காமல், சாகும் விதத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்கினால், நம் அறிவு வலியாக மாறுவதில்லை. அடுத்தது எந்த ஆயுதம் என்ற எதிர்பார்ப்பாக மாறுகிறது. "பின்னாடி பாரு" என்று கத்த வேண்டிய அரங்கம் கைதட்டுகிறது. 1980-இலேயே விமர்சகர்கள் ஜீன் சிஸ்கெல், ரோஜர் ஈபர்ட் இருவரும் இந்தப் படங்களைக் கண்டித்துத் தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சியே நடத்தினார்கள். கேமரா கொலைகாரனின் கண்ணாகிவிடுகிறது, பெண்களைத் துரத்தும் இடத்தில் நம்மை உட்கார வைக்கிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. 'ஹாலோவீன்' படத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அந்தப் படமும் கொலைகாரனின் கண்ணிலிருந்தே தொடங்குகிறது என்பதை யோசிக்க வேண்டும். 1963-ஆம் ஆண்டு இரவு, வீட்டுக்குள் நுழைகிற கண், முகமூடியின் இரண்டு ஓட்டைகள், கொலை, பிறகு முகமூடி கழற்றப்பட்டால் ஆறு வயதுப் பையன். அந்தக் கண்ணிலிருந்து நம்மை வெளியே எடுத்து லோரியின் பக்கத்தில் கார்ப்பென்டர் நிறுத்துகிறார். பின்வந்தவர்கள் பலர் அந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள்.

இந்தக் கடைசிப் பெண்ணைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் கேரல் குளோவர் 1987-இல் எழுதிய கட்டுரையும், 1992-இல் வந்த அவருடைய நூலும் இத்துறையின் பேச்சையே மாற்றின. அரங்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் இளம் ஆண்கள். ஆனால் படம் முடியும் தறுவாயில் அவர்கள் கொலைகாரனோடு இல்லை, ஒளிந்திருக்கும் பெண்ணோடு இருக்கிறார்கள், அவள் பயத்தைத் தங்கள் பயமாக உணர்கிறார்கள் என்று அவர் காட்டினார். அவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்ப்பேன். கடைசிப் பெண் என்பவள் திரைக்குள் இருக்கும் பார்வையாளர். மற்றவர்கள் எதையும் கவனிப்பதில்லை. அவள் மட்டும் வேலிச்செடியைத் திரும்பிப் பார்க்கிறாள். நாம் முதலிலிருந்தே அறிந்ததை அவளும் சிறிது சிறிதாக அறிகிறாள். அவள் அறிவு நம் அறிவைத் தொடும் கணத்தில்தான் அவள் திருப்பி அடிக்கத் தொடங்குகிறாள். கன்னிப் பெண்தான் பிழைப்பாள் என்று ஒரு விதியைப் பலர் சொல்கிறார்கள். கார்ப்பென்டர் இதைப் பேட்டிகளில் மறுத்திருக்கிறார்: மற்ற பெண்களின் கவனம் வேறிடத்தில் இருந்தது, லோரியின் கவனம் விழித்திருந்தது என்பது அவர் விளக்கம். அதை நான் ஏற்கிறேன். ஆனால் அடுத்தடுத்த படங்கள் அதை ஒழுக்கத் தண்டனையாகவே எடுத்துக்கொண்டன என்பதையும் மறுக்க முடியாது. வாய்பாட்டுக்குள் ஒரு சமூகத்தின் தீர்ப்புகள் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துவிடும். கறுப்பினப் பாத்திரம் சீக்கிரம் சாகும் என்ற வழக்கமும் அப்படி ஏறியதுதான்.

'ஹாலோவீன்' வந்த அதே 1978-இல் தமிழில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று எடுக்கப்பட்டதல்ல. முகமூடியும் இல்லை, கமல்ஹாசனின் அழகான முகமே போதுமானதாக இருந்தது. ஆனால் பயத்தின் பொறி ஒன்றுதான். ஸ்ரீதேவி நடித்த சாரதா காதலித்து மணந்தவன் யார் என்று நமக்கு முன்பே தெரியும். அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டுக்குள் அவள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் நம்மை உலுக்குகிறது.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். வெஸ் கிரேவனின் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்', 1984. தூக்கத்தில் கொல்கிறவன் ஃப்ரெடி. தென்கிழக்காசிய அகதிக் குடும்பங்களின் இளைஞர்கள் தூக்கத்திலேயே இறந்த பத்திரிகைச் செய்திகளிலிருந்து கரு கிடைத்ததாகக் கிரேவன் சொல்லியிருக்கிறார். இங்கே தம் இறையின் அச்சம் முழு வடிவம் பெறுகிறது: ஃப்ரெடியை முன்பு எரித்துக் கொன்றவர்கள் தெருவின் பெற்றோர்களே. அதை மறைத்துவிட்டு, பிள்ளைகளைத் தூங்கச் சொல்கிறார்கள். நாயகி நான்சியின் தாய் ஜன்னல்களுக்குக் கம்பி போடுகிறாள். ஆபத்து வெளியிலிருந்து வருவதாக நினைப்பு. தூங்காமல் இருக்க வேண்டும் என்று நான்சிக்கும் நமக்கும் தெரியும், வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பின்வந்த பாகங்களில் ஃப்ரெடி நகைச்சுவை பேசும் நட்சத்திரமாகி, பொம்மையாகவும் விற்றான். அவனைப் பார்க்கப் போனவர்கள் அவனைக் கண்டு பயப்படவில்லை, அவனைக் கொண்டாடினார்கள்.

இங்கே ஓர் ஆய்வைக் குறிப்பிட வேண்டும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காசு கொடுத்துப் பயப்படும் பேய்வீடு ஒன்றுக்குள் போன 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைந்தாலும் இன்பம் இல்லை, மிக அதிகமானாலும் இல்லை. நடுவில் ஓர் அளவில்தான் உச்சம். 'ஹாலோவீன்' 91 நிமிடப் படம். அது எப்படிப் போகும் என்று தெரிந்திருப்பது அந்த அளவைக் காக்கும் வரம்பு. அந்த வரம்பு இருப்பதால்தான் பதின்வயதினர் இன்னொருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரத் துணிகிறார்கள்.

ஃபார்முலாவே கதையான படம் 1996 டிசம்பரில் வந்தது. 'ஸ்க்ரீம்'. இயக்கியவர் மீண்டும் கிரேவன், எழுதியவர் கெவின் வில்லியம்சன். ஒரு விருந்து வீட்டில் இளைஞர்கள் வீடியோவில் 'ஹாலோவீன்' பார்க்கிறார்கள். வீடியோக் கடையில் வேலை செய்யும் ராண்டி, பிழைப்பதற்கான விதிகளை எடுத்துச் சொல்கிறான்: உடலுறவு கூடாது, குடியும் போதையும் கூடாது, "இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. பிறகு எல்லோரும் கிளம்ப, அவன் மட்டும் சோபாவில். திரையில் லோரியாக ஜேமி லீ கர்ட்டிஸ். "ஜேமி, பின்னாடி பாரு" என்று அவன் கத்துகிறான். அவனுக்குப் பின்னால் முகமூடி, கையில் கத்தி. ராண்டியாக நடித்தவரின் பெயரும் ஜேமிதான், ஜேமி கென்னடி. தன் பெயரைச் சொல்லித் தன்னையே எச்சரிக்கிறார், அவர் காதில் அது விழவில்லை.

இதோடு நிற்கவில்லை. வெளியே தொலைக்காட்சி நிறுவனத்தின் வேனுக்குள் ஒளிப்பதிவாளர் கென்னி இருக்கிறார். அறையில் ஒளித்துவைத்த கேமராவின் படம் அவருக்கு முன்னால் ஓடுகிறது. ஓடி வந்த நாயகி சிட்னியும் அதைப் பார்க்கிறாள். ராண்டியைத் திரும்பிப் பார்க்கச் சொல்லி அவர்களும் தவிக்கிறார்கள். அப்போதுதான் கென்னிக்கு உறைக்கிறது: அந்தப் படம் 30 விநாடி தாமதமாக வருகிறது. அவர்கள் பார்ப்பது நடந்து முடிந்தது. கொலைகாரன் இப்போது எங்கே? கென்னி வேன் கதவைத் திறக்கிறார். கழுத்து அறுபடுகிறது. நான்கு அடுக்குகள்: ஜேமிக்குத் தெரியாதது ராண்டிக்குத் தெரியும், ராண்டிக்குத் தெரியாதது கென்னிக்குத் தெரியும், கென்னிக்குத் தெரியாததை நாம் ஊகிக்கிறோம். இந்தப் படவகையைப் பற்றி எழுதப்பட்ட எந்த நூலையும்விட அந்தச் சில நிமிடங்கள் அதை நன்றாக விளக்குகின்றன. விதிகளை ஒப்பிக்கத் தெரிந்தவன், தன் நிலைமைக்கு அந்த விதிகளைப் பொருத்தத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்த ஆண்டு வந்த 'ஸ்க்ரீம் 2' இன்னும் கடுமையானது. தொடக்கமே ஒரு திரையரங்கம். முதல் படத்தின் கொலைகளை வைத்து எடுத்த படம் ஓடுகிறது. பார்வையாளர்கள் இலவசமாகக் கொடுத்த கொலைகார முகமூடிகளை அணிந்து கூத்தாடுகிறார்கள். கறுப்பினப் பெண் ஒருத்தி, இவ்வகைப் படங்களில் தன் மக்களுக்கு இடமே இல்லை என்று குறைப்பட்டபடி உள்ளே வருகிறாள். அவளை நிஜமாகவே குத்துகிறார்கள். ரத்தம் வழிய அவள் திரைக்கு முன்னால் ஏறி நின்று அலறுகிறாள். கூட்டம் அதை விளம்பர ஏற்பாடு என்று நினைத்து ஆரவாரிக்கிறது. பிறகு மெல்ல அடங்குகிறது. ஃபார்முலாவைத் தெரிந்தவர்கள் நிறைந்த அரங்கில், எதிரில் நடப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. சிஸ்கெலும் ஈபர்ட்டும் வெளியிலிருந்து வைத்த குற்றச்சாட்டை இந்தப் படம் உள்ளேயிருந்து வைக்கிறது. அதனால்தான் அது எனக்கு அதிகம் வலித்தது.

2018-இல் டேவிட் கார்டன் கிரீன் இயக்கத்தில் 'ஹாலோவீன்' மறுபடி வந்தது. 40 ஆண்டுகள் கழித்து லோரியாக மீண்டும் ஜேமி லீ கர்ட்டிஸ், இப்போது பாட்டி. மாடியிலிருந்து மைக்கேல் அவளைத் தள்ளுகிறான். கீழே அவள் அசையாமல் கிடக்கிறாள். அவன் ஒரு கணம் கவனம் திரும்பி, மறுபடி எட்டிப் பார்க்கிறான். தரை காலி. 1978-இல் லூமிஸ் எட்டிப் பார்த்த அதே கோணம், அதே காலித் தரை. ஆட்கள் மட்டும் இடம் மாறிவிட்டார்கள். முந்தைய படத்தைப் பார்க்காதவருக்கு இது ஒரு சிறிய திருப்பம், அவ்வளவே. பார்த்தவருக்கோ, நாற்பது ஆண்டுகளாக அவனுடையதாக இருந்த வித்தையை அவள் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அந்த ஒரே ஷாட் சொல்லிவிடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று லோரிக்குத் தெரியும், நமக்கும் தெரியும். தெரியாதவன் மைக்கேல் மட்டும்.